ஏமாந்தோம் என்று எழுதாதீர்கள்

புதிய பல்மிட்டா
மார்ச் 15, 1987

அன்புத் தம்பி அல்டெமாருக்கு,

மாதா கண் திறந்து பார்த்ததில் நானும் உன் அத்தான் உபால்தோவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ மெடெயின் புகையில் இருமாமல் இருக்கிறாயா?

குடியேறி மூன்று வாரமாகிறது. வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். சிமெண்ட் தரை, இழுத்தால் சாத்திக்கொள்ளும் கதவு, சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மூன்று குழாய்கள். திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. இருபத்தெட்டு வீடு, எண்பத்து நான்கு குழாய், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வாசலில் நின்றால் கீழே அணைத் தண்ணீர் கடல்போல் தெரிகிறது. அதற்கடியில்தான் நம் காப்பித் தோட்டம் கிடக்கிறது. ஒரு குடம் மொள்ளலாம் என்று போனால் கம்பி வேலி. காவலுக்கு நிற்கிற ஆள், “இது தனியார் இடம் அம்மா, திரும்பிப் போங்க” என்கிறான். நம் நிலத்தின் மேல் நிற்கிற தண்ணீர், தம்பி! இப்போது ஓடைக்குக் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறோம். இறங்க நாற்பது நிமிடம். ஏறுவதற்கு எவ்வளவு என்று என் முழங்காலைக் கேள்.

பள்ளிக்கூட மேசை மேல் நீ ஏறி நின்று, வரைபடத்தில் அந்த நீலக் கோட்டைக் காட்டி, “நீங்க மேல போய் ரெண்டே வாரம், குழாய்ல தண்ணி கொட்டும்” என்று சொன்னாய். இரண்டு வாரம் முடிந்துவிட்டது. அணை கட்டிய நிறுவனத்தில்தானே வேலை பார்க்கிறாய், உன் அலுவலகத்தில் கேட்டு எழுது.

பஸ்காரரிடம் கொய்யா அல்வா ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நண்பர்களுக்குக் கொடுத்துவிடாதே.

உன் அக்கா,
ரோஸ்மீரா

மெடெயின்
ஏப்ரல் 2, 1987

பாசமுள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அல்வா வந்து சேர்ந்தது. ஒரு துண்டுகூட யாருக்கும் கொடுக்கவில்லை. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கோவேறு கழுதைக்குப் புதிய இடம் பழகிவிட்டதா? கிழவர் எவேலியோ இன்னும் எல்லோரையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா? பின்பக்கம் வாழை வைத்திருக்கிறாயா? அந்த மண்ணுக்கு வாழை நன்றாக வரும் என்று இங்கே சொல்கிறார்கள்.

இங்கே வேலை அதிகம். எங்கள் மேலதிகாரி டாக்டர் ஸாலமேயா தினமும் ஒரு கூட்டம் போடுகிறார். தண்ணீர் விஷயம் தொழில்நுட்பப் பிரிவின் பரிசீலனையில் இருக்கிறது. கூடிய சீக்கிரம் நல்ல செய்தி வரும். எல்லோரையும் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

உன் தம்பி,
அல்டெமார்

புதிய பல்மிட்டா
மே 10, 1987

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதுகை விசாரித்திருக்கிறாய், கழுதையை விசாரித்திருக்கிறாய், நடாத வாழையை விசாரித்திருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு “பரிசீலனை” என்று ஒரு வார்த்தை. அதை எந்தப் பானையில் பிடித்துவைப்பது?

பக்கத்து வீட்டு லிகியா கழிப்பறைக் கோப்பையில் மண்ணை நிரப்பிக் கொத்தமல்லி போட்டிருக்கிறாள். “வெள்ளைப் பீங்கான், அழகா இருக்கு. சும்மா கெடக்குறதுக்கு ஏதாவது மொளைக்கட்டுமே” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த சாமியாரைக் கூட்டிப் போய்க் காட்டினாள். சிரிப்பதா ஆசீர்வதிப்பதா என்று தெரியாமல் அவர் சிலுவை போட்டுவிட்டு வந்தார்.

பூசை முடிந்ததும் எவேலியோ எல்லோரையும் நிறுத்தி வைத்து, “அணைக்குப் போற ரோட்டுல நாலு மரத்தை வெட்டிப் போடுங்க. லாரி நிக்கட்டும். மூணாம் நாள் தண்ணி வருதா இல்லையான்னு பாருங்க” என்றார். முக்கால்வாசிப் பேர் கோடரி எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். நான்தான் குறுக்கே நின்றேன். “எந்தம்பி அந்த ஆபீஸ்லயேதான் இருக்கான். அவன் சொன்னா சொன்னதுதான். ரோட்டை மறிச்சா அவன் வேலைக்கு உலை வைக்கிற மாதிரி ஆயிடும். கொஞ்சம் பொறுங்க” என்றேன். என் முகத்துக்காக உட்கார்ந்தார்கள். எவேலியோ மட்டும் தரையில் துப்பிவிட்டுப் போனார்.

என் முகம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். தேதி எழுது.

உன் அக்கா,
ரோஸ்மீரா

மெடெயின்
ஜூன் 20, 1987

பாசமுள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

கடவுள் உங்களை நல்லபடி வைத்திருப்பார் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அதனால்தான் எழுதத் தாமதம்.

குழாய் பதிப்பது நாம் நினைப்பதுபோல் எளிதில்லை. தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற விசைப்பம்பு வேண்டும், அதற்கு வேறொரு பிரிவின் அனுமதி வேண்டும். நான் தொடர்ந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாலை மறிப்பு எதுவும் நடக்காமல் நீ பார்த்துக்கொண்டதற்கு நன்றி. டாக்டர் ஸாலமேயாவிடம் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டார்.

இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி பஸ் கூரையில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மூடியோடு வரும்.

உன் தம்பி,
அல்டெமார்

புதிய பல்மிட்டா
ஜூலை 28, 1987

தம்பிக்கு,

உன் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி.

தொட்டி வந்தது. தண்ணீர் கேட்டேன், தொட்டி அனுப்பியிருக்கிறாய். பசிக்கிறது என்றவனுக்குத் தட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி. உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இப்போது கோழிகள் அதன் நிழலில் உட்காருகின்றன.

வெயில் காலம் வந்து ஓடை குட்டையாகிவிட்டது. மாடு இறங்குகிற அதே குட்டையில்தான் நாங்களும் மொள்ளுகிறோம். காய்ச்சித்தான் குடிக்கிறோம், ஆனால் எத்தனை தடவைதான் காய்ச்சுவது? லிகியாவின் சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, இரண்டு வயதுக் குழந்தை, துணி மாதிரித் துவண்டுவிட்டாள். ஸான் எவாரிஸ்தோ ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஆறாம் நாள் நான் பார்க்கப் போனேன். லிகியா என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

“உந்தம்பி சொன்னான், உந்தம்பி சொன்னான்னு மாசக்கணக்கா எங்க வாயை அடைச்சியே. போய்க் கேளு, எம்பொண்ணுக்கு என்ன சொல்றான்னு.”

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் இன்னும் நடக்கப் பிடிக்காமல் இடுப்பிலேயே இருக்கிறாள்.

தைலம் வேண்டாம், தொட்டி வேண்டாம், அனுமதி, விசை, பிரிவு எதுவும் வேண்டாம். தண்ணீர் வருமா, வராதா? ஒரே சொல்லில் பதில் எழுது. வராது என்றாலும் எழுது. நான் இடிந்துபோக மாட்டேன். இப்படி இழுக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை.

ரோஸ்மீரா

புதிய பல்மிட்டா
செப்டம்பர் 4, 1987

அல்டெமாருக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

ஐந்து வாரம் பார்த்தேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி உன் அலுவலகத்துக்கே வந்தேன். நீ வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். உன் மேசை நாற்காலியில் உன் கோட்டு தொங்கியது. நீ எங்கே ஒளிந்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

அங்கே ஆவண அறையில் ஒரு பெண் இருந்தாள். மதியம்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “என்னம்மா வேணும்?” என்றாள். “பல்மிட்டாவுக்கு வர்ற குழாய் எங்க போகுதுன்னு பாக்கணும்” என்றேன். பாவம், அவளுக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது. வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தாள்.

நீலக் கோடு இருந்தது. அதைச் சிவப்பு மையால் நீளமாக அடித்திருந்தார்கள். பக்கத்தில் “நிதி ஒதுக்கீட்டில் இல்லை”. அதன் கீழே “பார்த்தேன், அ. கிசேனோ, பிப்ரவரி 3”.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நீ மேசை மேல் ஏறி நின்றது பிப்ரவரி எட்டு. ஊரைக் காலி செய்யச் சம்மதம் என்ற தாளில் முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னாய். “அக்கா போட்டா மத்தவங்க தயங்க மாட்டாங்க” என்றாய். போட்டேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ரோஸ்மீரா

மெடெயின்
செப்டம்பர் 30, 1987

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்றைக்கு நான் மாடிப்படிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோளரொட்டியைப் பாதி சாப்பிட்டுப் பாதியைத் துணியில் முடிந்து வைத்ததைப் பார்த்தேன். எனக்கு வைத்தாய் என்று தெரியும். வெளியே வரவில்லை.

பிப்ரவரி 3 அன்று அந்த வரைபடம் என் மேசைக்கு வந்தது. நான் டாக்டரின் அறைக்கு ஓடினேன். “குழாய் இல்லாம அவங்கள எப்படிங்க மேல கொண்டுபோறது?” என்றேன். அவர் தலையே நிமிரவில்லை. “பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஜனங்க முதல்ல மேல ஏறட்டும். ஏறினப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பிறகு, “நீ அந்த ஊர்க்காரன்கிறதாலதான் உன்னை இந்த வேலையில வச்சிருக்கோம்” என்றார். அதை மிரட்டலாகச் சொன்னாரா, பாராட்டாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேசை மேல் ஏறியபோது எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தேதான் சொன்னேன். எப்படியாவது சண்டை போட்டு அந்தக் கோட்டைத் திரும்ப வரையவைத்துவிடலாம், அதற்குள் நீங்கள் யாரும் கவனிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டு முறை மனு போட்டேன். இரண்டும் என்னிடமே திரும்பி வந்தன. மூன்றாவது போடவில்லை. போட்டால் வேலை போகும். நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கவே ஒரு வாரமாகும். பிரித்துவிட்டால் கழுதையைப் பற்றி எழுதுவேன்.

லிகியாவின் குழந்தையைப் பற்றிப் படித்த பிறகு என்னால் எதுவும் எழுத முடியவில்லை.

நீ ஒரு சொல் கேட்டாய். வராது.

அல்டெமார்

புதிய பல்மிட்டா
அக்டோபர் 18, 1987

அல்டெமாருக்கு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். லிகியாவின் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு மட்டும் படித்துக்காட்டினேன். அவர், “இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவன் மார்ச்சுலயே எழுதியிருக்கலாமே” என்றார். எனக்கும் அதுதான் ஆற்றாமை. உண்மை உன் கையில் இருந்தது. ஒரு தபால் தலை போதும்.

நேற்று பள்ளிக்கூடத்தில் கூடினோம். நகராட்சி விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறது; அதற்குப் புகார் மனு எழுத வேண்டும். ஆசிரியை ஃபாபியோலா எழுத உட்கார்ந்தார். “எங்கள் ஆழ்ந்த ஏமாற்றத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று முதல் வரியைப் படித்தார்.

லிகியா எழுந்துவிட்டாள். “ஏமாற்றமா? திருவிழா அன்னிக்கு மழை பேஞ்சு பட்டாசு நமுத்துப்போனா அது ஏமாற்றம் டீச்சர். எம்பொண்ணு ஒம்பது நாள் ஊசியோட கெடந்ததுக்கும் அதே பேருதானா?”

“சரி, ‘நம்பிக்கை இழந்தோம்’னு மாத்தட்டுமா?”

உன் அத்தான் கூட்டத்தில் பேசி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. நேற்றுப் பேசினார். “இழக்குறதுக்கு அது என்ன, சந்தைக்குப் போற வழியில காத்துல பறந்த தொப்பியா? நாம தொலைக்கலையே.”

“அப்படின்னா, ‘ஏமாந்தோம்’?”

எவேலியோ தடியால் தரையைத் தட்டினார். “ஏமாந்தோம்னு எழுதாதீங்க! ஏமாந்தோம்னா குத்தம் நம்ம மேல. வாயைப் பொளந்துக்கிட்டு நின்னோம்னு நாமளே ஒத்துக்குற மாதிரி. ஏமாத்தினாங்கன்னு எழுதுங்க.”

ஆசிரியை பேனாவை நிறுத்தினார். “ஏமாத்தினாங்கன்னு எழுதினா, யாருன்னு கேப்பாங்க. பேர் போடணும்.”

அல்டெமார், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். எனக்காக அப்படிப் பார்த்தார்கள். அதுதான் என்னைக் கொன்றது.

“டாக்டர் ஸாலமேயா பேரைப் போடுங்க” என்றேன். “அதுக்குக் கீழ எந்தம்பி பேரையும் போடுங்க.”

அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். குடும்பப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நான்தான் திருத்தினேன்.

பிறகு சொன்னேன்: “பொறுங்க பொறுங்கன்னு உங்களைப் புடிச்சு வச்சது நான். அதையும் சேர்த்து எழுதுங்க.” லிகியா என் பக்கம் திரும்பினாள். கோபம் போகவில்லை அவளுக்கு. ஆனால், “அதை எழுத வேணாம். நீ ஏமாந்தே. அது வேற” என்றாள்.

நவம்பர் 12, வியாழக்கிழமை, காலை பத்து மணி, ஸான் எவாரிஸ்தோ நகராட்சியில் விசாரணை. எங்களிடம் பேச்சு இருக்கிறது, காகிதம் இல்லை. அந்த வரைபடத்தின் நகல் உன் அலுவலகத்தில்தான் இருக்கிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு இனி ஒரு வரியும் எழுதாதே. சொல்வதை அங்கே வந்து சொல்.

ரோஸ்மீரா

மெடெயின்
அக்டோபர் 29, 1987

அக்கா,

எல்லோரும் சுகமாக இருங்கள். ஆவண அறைப் பெண்ணிடம் கேட்டு நகல் எடுத்துவிட்டேன். எதற்கென்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன்.

அல்டெமார்

புதிய பல்மிட்டா
டிசம்பர் 6, 1987

தம்பிக்கு,

அன்றைக்கு நீ சொல்லி முடித்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நான் இறங்கி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாய். ஊர் போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. வேலை போய்விட்டதாக பஸ்காரர் சொன்னார். உண்மையா? வாடகைக்கு என்ன செய்கிறாய்?

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நிறுவன வக்கீல் எழுந்து, “அந்த ஊழியர் அதிகாரம் இல்லாமல் தானாகவே வாக்குறுதி கொடுத்திருக்கிறார்” என்று பழி மொத்தத்தையும் உன் தலையில் கட்டினார். உடனே எவேலியோ, அந்த மனுஷன், எல்லோரையும்விட உன்னை அதிகம் திட்டியவர், தடியை ஊன்றி எழுந்தார். “அவன் பொய் சொன்னான். சரி. ஆனா பொய்யின்னு இங்க வந்து சொன்னதும் அவன்தான். உங்க டாக்டர் எங்கய்யா? அவருக்கும் நாற்காலி போட்டுத்தானே வச்சிருக்கு, காலியா கெடக்கே!” அதிகாரி மேசையைத் தட்டினார். எவேலியோ உட்காரவே இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. உடனடியாக வாரம் இரண்டு முறை லாரித் தண்ணீர். நான்கு மாதத்துக்குள் குழாய். லாரி வர ஆரம்பித்தாயிற்று. நான் இன்னும் ஒவ்வொரு முறையும் வாளியோடு வாசலில் நின்று, சத்தம் நிஜமாகவே லாரியா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று உன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. பதில் எழுது.

அக்கா

மெடெயின்
ஜனவரி 17, 1988

அக்காவுக்கு,

புத்தாண்டு உங்கள் வீட்டுக்குத் தண்ணீரோடு வரட்டும்.

வேலை போனது உண்மை. இப்போது ஒரு இரும்புக் கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கிறேன். ஒரு அறையில் இன்னொருவரோடு தங்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடையில் யாராவது “இது துருப்பிடிக்குமா?” என்று கேட்டால் “பிடிக்கும்” என்று சொல்லிவிடுகிறேன். முதலாளிக்குக் கோபம்தான்.

அன்று நிற்காமல் பஸ் ஏறியது பயத்தினால். நீ அடித்திருந்தால் பரவாயில்லை. சோளரொட்டியை நீட்டிவிடுவாயோ என்று பயந்தேன்.

ஊருக்கு வரலாமா என்று கேட்க இந்தக் கடிதம். வர வேண்டாம் என்றால் அதையும் எழுது.

அல்டெமார்

புதிய பல்மிட்டா
ஏப்ரல் 24, 1988

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பதிலுக்கு மூன்று மாதம் காக்கவைத்தேன். வேண்டுமென்றேதான். காத்திருப்பது எப்படியிருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. முதலில் பழுப்பு, பிறகு வெளுத்தது. உன் அத்தான் மூன்று குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுவிட்டு நடுவில் நின்றார். எவேலியோ அன்று முழுதும் அதைக் குடிக்கவில்லை. “நாளைக்கும் வரட்டும், பாக்கலாம்” என்றார். மறுநாளும் வந்தது. இன்னும் முறைத்துக்கொண்டுதான் குடிக்கிறார்.

நீ வரலாமா என்று லிகியாவைக் கேட்டேன். அவளைக் கேட்காமல் உனக்கு எழுத முடியாது. வெகுநேரம் துணி பிழிந்துகொண்டே இருந்தாள். “வரட்டும். காப்பி குடுப்பேன். வெல்லம் போட மாட்டேன்” என்றாள்.

என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது. உன் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. வருமா என்றும் தெரியாது. நீ உள்ளே வந்து, “அக்கா, மழை வருது, கொடியில துணி கெடக்கு” என்றால், நான் முதலில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். பார்த்த பிறகுதான் துணியை எடுப்பேன். அதற்காக நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

அது சம்மதமென்றால் சனிக்கிழமை பஸ்ஸுக்கு வா. ஒரு படுக்கை போட்டு வைக்கிறேன்.

உன் அக்கா,
ரோஸ்மீரா